பாலத்தில் எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள்

1. முதல் பான்

என் கார் முதல் தடவை நின்றுபோனது கான் ஹொய் பாலத்தின் ஏற்றத்தில். உச்சி வெயில். நெரிசலில் கொஞ்ச நேரம் எஞ்சினை அணைத்து வைத்திருந்தேன். பக்கத்து சீட்டில் பிரசவப் பை. பின்னால் துறைமுகத்து லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஸ்டார்ட்டரை இழுத்தால் எஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் தலைப்பிரசவக்காரி ஒருத்தி எனக்காகக் காத்திருந்தாள். இரண்டு மூட்டைக்காரர்களைக் கெஞ்சி காரை ஓரமாகத் தள்ளச் சொன்னேன். பையைத் தூக்கிக்கொண்டு சிக்ளோவில் ஏறினேன். சைகோனில் ரிக்‌ஷாவுக்கு அதுதான் பெயர். மிதிப்பவர் பின்னால் இருப்பார், நாம் முன்னால் உட்கார வேண்டும். எதிரே வருகிற எல்லா வண்டியும் நம் மடியில்தான் ஏறப்போகிறது என்று தோன்றும்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் தலை வெளியே வந்திருந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டு, முகம் நீலம் பாரித்திருந்தது. கொடியைக் கழற்றி, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்தேன். அழுதது.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்தேன். ஒன்றுமே நடக்காததுபோல ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான் புதுச்சேரிக்காரி. சைகோனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தேன். வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பது என் பொறுப்பு. என் கணவர் லூர்துசாமி துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரியிடமிருந்து அந்தக் காரை வாங்கினோம். எஞ்சின் பின்னால் இருக்கும் சின்ன வண்டி. கார் நின்றுபோவதைப் பிரெஞ்சில் ‘பான்’ என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வருடம் அதிகமாகப் புழங்கிய சொல் அதுதான்.

2. மத்தியானம் யார் வண்டி ஓட்டுவா?

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருடம் அது. கப்பல் கப்பலாகக் கிளம்பினார்கள். நகரத்தின் நடுவில், மரங்கள் நிறைந்த தெருவில் ஒரு பெரிய கராஜ் இருந்தது. வெள்ளைக்காரர்களின் வண்டிகள் எல்லாம் அங்கேதான் போகும். நானும் அங்கேதான் விட்டேன். தரை சாப்பிடுகிற தட்டு மாதிரி பளபளக்கும். முதலாளி வெள்ளைக் கால்சராயில் ஒரு கறை படாமல் நிற்பார்.

வண்டியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “மதாம், வண்டில ஒண்ணுமே இல்ல. ஆத்தங்கரை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டோம். பூஜியை மட்டும் மாத்தியிருக்கோம்.”

பூஜி என்றால் ஸ்பார்க் பிளக்.

“மத்தியானத்துலதான் நிக்குது, முசியே.”

“மத்தியானம் யார் மதாம் வண்டி ஓட்டுவா? தூங்குங்க.”

மெக்கானிக்குகள் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன்.

அடுத்த வாரம் மறுபடி நின்றது. கார்புரேட்டரைக் கழுவினார்கள். நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரில் எதையோ மாற்றினார்கள். நின்றது. கழற்றிய பழைய பாகம் எங்கே என்று கேட்டேன். முதலாளி தோளைக் குலுக்கினார். கடைசியில் ஒரு நாள், எல்லார் முன்னாலும், “சில வண்டிக்குப் பொம்பளைக் கை ஆகாது மதாம்” என்றார். அதோடு விடவில்லை. “நாங்களும் கிளம்பறோம். எங்களுக்கப்புறம் இந்த ஊர்ல இந்த வண்டியைத் தொடறதுக்கு ஆள் கிடையாது. விக்கிற விலைக்கு வித்துடுங்க.”

அன்று மாலை ஆஸ்பத்திரியின் தலைமைச் சகோதரி என்னைக் கூப்பிட்டார்கள். ‘மாசேர்’ என்றுதான் அவர்களை எல்லாரும் அழைப்போம். நெடுநெடுவென்ற உயரம். கோபப்பட்டால் குரல் தணியும்.

“திரேஸ், வீட்டுப் பிரசவத்தை நிறுத்திடலாம்னு இருக்கேன். நீ வார்டிலயே இரு. உன் வண்டியை நம்பி எந்தத் தாய்க்கும் நான் வாக்குக் கொடுக்க முடியாது.”

“ஒரு மாசம் டைம் குடுங்க மாசேர்.”

“ஒரு மாசம்தான்.”

வீட்டுக்கு வந்து அழுதேன் என்று எழுதினால் பொய். சோறு வடித்து, குழம்பு வைத்து, கணவருக்குப் பரிமாறிவிட்டு நானும் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அவர் கேட்டார். “ஏம்மா, எல்லாரும்தான் கிளம்பறாங்க. பேசாம வித்துடலாமா?”

“அந்த ஆளு சொன்னதுக்காக விக்க மாட்டேங்க.”

“அப்ப எதுக்காக விப்ப?”

“அது நெஜமாவே செத்துருச்சுன்னு யாராவது காட்டினா விப்பேன்.”

அவர் தயிரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இளம் மருத்துவச்சிகளுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் துடித்த பெண் ஆஸ்பத்திரிப் படி ஏறியதும் வலி நின்றுவிடும். அனுபவம் இல்லாதவர்கள் “உனக்கு வலியே இல்லையே” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை. எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்போம். காரிடம் நான் அதைக் கேட்கவே இல்லை என்று அன்று தட்டைக் கழுவும்போது தோன்றியது.

காலையில் அது நின்றதே இல்லை. மழையில் நின்றதில்லை. நெடுந்தூரம் ஓட்டி, வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தி, மறுபடி எடுத்தால்தான் தகராறு. தூ டுக் பக்கம் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்புக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அப்படித்தான். அந்தப் பெரிய கராஜோ மத்தியானத் தூக்கத்துக்காகக் கதவை இழுத்து மூடிவிடும். அவர்கள் திறக்கும்போது என் வண்டி ஆறிப்போய் சமர்த்தாக நிற்கும். நோயாளி படுத்திருக்கும் நேரத்தில் டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

3. அன் பா

மத்தியானத்தில் தூங்காத கராஜ் ஒன்றைத் தேடினேன். கான் ஹொய் கிடங்குகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. துறைமுகத்து லாரிகள் சரக்கு இறக்கிவிட்டு மத்தியானத்தில்தான் அங்கே வரும். கொட்டகைக்காரரை எல்லாரும் ‘அன் பா’ என்பார்கள். மூன்றாவது அண்ணன் என்று அர்த்தம். குள்ளமான, தொப்பை போட்ட மனிதர். வாய் ஓயாது. கையில் ஸ்பானர் இல்லாத நேரம் சீட்டுக்கட்டு இருக்கும்.

நான் வேண்டுமென்றே வெயிலில் ஊரைச் சுற்றினேன். எஞ்சின் நன்றாகக் கொதித்ததும் அவர் வாசலில் கொண்டுபோய் அணைத்தேன். எதிர்க்கடையில் ஒரு டம்ளர் கரும்புச்சாறு குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட்டரை இழுத்தேன். பிடிக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு வண்டி கிளம்பாததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

“அன் பா! இப்ப வாங்க! இப்பவே வந்து பாருங்க!” என்று கத்தினேன்.

சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடி அசைந்து வந்தார். “கோ மு, கவலைப்படாதீங்க. நான் ஏரோப்ளேன் எஞ்சினே பிரிச்சவன்.” மருத்துவச்சியை அங்கே ‘கோ மு’ என்பார்கள். மூடியைத் தூக்கி ஒரே பார்வை பார்த்தார். “பம்ப் போச்சு. வேற போடணும்.”

“தொட்டுக்கூடப் பாக்கலியே?”

“தொடணுமா? வாசனையிலயே தெரியும்.”

“புது பம்ப் போட்டு மறுபடி நின்னா என்ன செய்வீங்க?”

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். பிறகு குனிந்து, எஸான்ஸ் போகிற குழாயைப் பம்பிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டே போனார். பெட்ரோலை அங்கே எஸான்ஸ் என்போம். திடீரென்று கையை உதறிக்கொண்டு குதித்தார். அவர் சொன்ன கெட்ட வார்த்தையை எழுத முடியாது. விரல் வெந்துபோயிருந்தது.

“எந்த மடையன் இதை மாட்டினான்? புகைக்குழாய் மேலேயே சாய்ஞ்சு கிடக்கு! எஸான்ஸ் உள்ளேயே கொதிச்சு ஆவியாப் போகுது. பம்ப் என்னத்தை உறிஞ்சும், காத்தையா?”

குழாயைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகள் இரண்டைக் காணோம். முன்பு எப்போதோ யாரோ கழற்றிவிட்டுத் திருப்பி மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். அன் பா ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துக் குழாயின்மேலும் பம்பின்மேலும் சுற்றினார். உஸ்ஸென்று ஆவி எழும்பியது. கொஞ்ச நேரம் கழித்து, “இழுங்க” என்றார்.

இழுத்தேன். பிடித்துக்கொண்டது. லாரி டிரைவர்கள் கை தட்டினார்கள். அன் பா மேடை ஏறிய பாகவதர் மாதிரி நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

கண்டுபிடித்தாயிற்று, ஆனால் சரிபண்ண வேண்டுமே! குழாயைத் தள்ளி வளைக்க வேண்டும், புது கிளிப் அடிக்க வேண்டும், நடுவில் ஒரு தகடு வைத்துச் சூட்டைத் தடுக்க வேண்டும். வண்டியை அவரிடம் விட்டேன்.

“நாளைக்கு வாங்க கோ மு.”

மறுநாள் போனேன். சீட்டாடிக்கொண்டிருந்தார். “நாளைக்கு.” அதற்கடுத்த நாள் லாரி அவசரம். “நாளைக்கு.” நல்ல கை, கெட்ட நாக்கு. மாசேர் கொடுத்த கெடுவோ ஓடிக்கொண்டிருந்தது. திட்டிப் பார்த்தேன், சிரித்தார். கெஞ்சிப் பார்த்தேன், டீ வாங்கிக் கொடுத்தார்.

கொட்டகையைச் சுற்றியிருந்த சந்துகளில் கர்ப்பிணிகளை எல்லாம் வழக்கமாக வீடு வீடாகப் போய்ப் பார்ப்பேன். அந்த வாரம் எல்லாரிடமும் சொல்லி அனுப்பினேன்: கார் இல்லாததால் இந்தத் தடவை அன் பா கொட்டகையில்தான் பார்ப்பேன், அங்கே வாருங்கள்.

காலையிலேயே வந்துவிட்டார்கள். சிலர் மாமியாரோடு, சிலர் கைக்குழந்தையோடு. லாரிக்கும் சீட்டாட்டப் பலகைக்கும் நடுவில் ஒரு போர்வையைக் கட்டி மறைப்பு செய்தேன். அதற்குள் ஒவ்வொருத்தியாகப் படுக்கவைத்துப் பார்த்தேன். வெளியே மற்றவர்கள் பெஞ்ச், டயர், எண்ணெய் டின் என்று கிடைத்ததில் எல்லாம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். யாருக்கு எத்தனை நாள் தள்ளிப்போயிற்று, யாருக்கு எங்கே வீக்கம், போன பிரசவத்தில் எத்தனை தையல் என்று உரக்கப் பேச்சு. லாரி டிரைவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். சீட்டாட்டக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அன் பா வியர்த்துப்போய் என்னிடம் வந்தார். “கோ மு, இது கராஜ்!”

“தெரியும் அன் பா. நாளைக்கும் இங்கதான். நாளன்னிக்குத் தாய்ப்பால் எப்படிக் குடுக்கணும்னு சொல்லித் தரப்போறேன்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. அன்று சாயங்காலமே வண்டி தயார். குழாயை அழகாக வளைத்து, பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தகடு வைத்து, கிளிப்புகளைத் தானே அடித்துப் போட்டிருந்தார். நான் கேட்காமலேயே, வெட்டி எடுத்த பழைய குழாய்த் துண்டையும் ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் உச்சி வெயிலில் தூ டுக் வரை போனேன். நிறுத்தினேன், எடுத்தேன், நிறுத்தினேன், எடுத்தேன். ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை. மாசேரிடம் போய்ச் சொன்னதும், “வீட்டுப் பிரசவம் தொடரட்டும்” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்.

4. பாலம்

சில வாரங்களில் ஊருக்குள்ளேயே சண்டை வெடித்தது. புது அரசாங்கத்தின் படை ஒரு பக்கம். நகரத்தின் சில பகுதிகளைக் கையில் வைத்திருந்த ஆயுதக் கூட்டம் மறு பக்கம். வாய்க்காலுக்கு அக்கரையில் குடிசைகள் எரிந்தன. வீட்டு ஜன்னலிலிருந்தே புகை தெரிந்தது.

கான் ஹொய் கிடங்கில் காவல்காரராக இருந்த காதர், காரைக்கால்காரர். வெள்ளிக்கிழமைகளில் நடு ஊர் மசூதிக்கு வரும்போது எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் மனைவி லான் வியட்நாமியப் பெண், பிரசவத்துக்கு என்னிடம்தான் காட்டிக்கொண்டிருந்தாள். சண்டையின் நடுவில் ஒரு நாள் முற்பகலில் கிடங்கு அலுவலகத்திலிருந்து காதர் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்தார்.

“மதாம், புள்ளயோட கை வெளிய வந்துருச்சு. கை மட்டும்தான் தெரியுது. இங்க ஒரு வண்டியும் வரமாட்டேங்குது மதாம்.”

குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அர்த்தம். அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் தாயும் பிழைக்க மாட்டாள், பிள்ளையும் பிழைக்காது. ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் ஏதோ பாகம் கிடைக்காமல் மாதக்கணக்கில் கொல்லையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது.

மாசேர் என்னைப் பார்த்தார்கள். “போகலாமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன் திரேஸ்.”

“ஆபரேஷன் ரூமைத் தயாரா வெச்சிருங்க மாசேர்” என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தேன்.

போகும்போது பாலத்தில் யாரும் தடுக்கவில்லை. சண்டை நடக்கிற பக்கம் போகிறவளை எதற்குத் தடுப்பார்கள்? லானைப் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே தலையணைகளை அடுக்கினேன். காதரை முன்னால் உட்காரச் சொன்னேன். “முக்காதே லான், வாயால மூச்சு விடு” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் பெரிய வரிசை. வண்டிகள், மாட்டு வண்டிகள், தலையில் பாயோடும் சட்டியோடும் ஜனங்கள். வெயில் நேர் உச்சியில். அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரிய கருப்புக் காரின் ரேடியேட்டர் பொங்கி, புகை கிளம்பியது. சிப்பாய்கள் அதை ஓரமாகத் தள்ளினார்கள். உள்ளே இருந்தவர்கள் இறங்கி நடந்தார்கள். காதர் அதைப் பார்த்துவிட்டு ஓதத் தொடங்கினார்.

எங்கள் முறை வந்தது. ஒரு சார்ஜென்ட் துப்பாக்கியால் கண்ணாடியைத் தட்டினார்.

“எஞ்சினை அணைங்க. இறங்குங்க. வண்டியைச் சோதிக்கணும்.”

“பிரசவக் கேஸ். அணைக்க வேணாமே.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அணைங்க!”

அணைத்தேன். நானும் காதரும் இறங்கினோம். எஞ்சின் சத்தம் நின்றதும் தூரத்துத் துப்பாக்கிச் சத்தம் பக்கத்தில் கேட்டது. முன் மூடியைத் திறந்து பார்த்தார்கள். சீட்டுக்கு அடியில் கைவிட்டார்கள். பின்சீட்டைப் பார்த்த சிப்பாய் மட்டும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த வெயிலில், அந்தச் சூட்டில், நகராமல் நின்றது வண்டி. முன்பெல்லாம் சரியாக இப்படி நிறுத்தினால்தான் அது உயிரை விடும். என் முதுகில் வியர்வை ஓடியது. காதர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போங்க” என்றார் சார்ஜென்ட். ஏறி உட்கார்ந்தோம்.

ஸ்டார்ட்டரை இழுத்தேன்.

ஒரே இழுப்பு. என் வாயிலிருந்து “அன் பா!” என்று தானாக வந்துவிட்டது. காதர் அதையும் ஒரு மந்திரமாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அவரும் “அன் பா” என்றார். பாலத்தை ஏறி இறங்கி, மரத்தடித் தெருக்கள் வழியாக நான் ஓட்டிய வேகத்தில் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு மாசேரே நின்றார்கள்.

பெண் குழந்தை. வெளியே வந்த கை மட்டும் வீங்கிக் கன்றியிருந்தது. இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. லான் பிழைத்தாள். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, “கோ மு சாப்பிட்டாங்களா?” என்பதுதான். அந்த ஊர்ப் பெண்களின் பண்பு அது.

5. ஆம்புலன்ஸ்

சண்டை ஓய்ந்த பிறகு மாசேர் என்னைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் சாவியை மேஜைமேல் வைத்தார்கள்.

“பெரிய கராஜ் முதலாளி கப்பலேறிட்டார். பாகம் வராது, இதைக் காயலான் கடைக்குப் போட்டுடுங்கன்னு சொல்லிட்டுப் போனார். இனிமே இந்த ஆஸ்பத்திரியோட எல்லா வண்டிக்கும் நீதான் பொறுப்பு. என்ன செய்யறே?”

“கான் ஹொய்க்கு இழுத்துட்டுப் போறேன் மாசேர்.”

அன் பாவின் கொட்டகை தீயில் தப்பியிருந்தது. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. எது என்றைக்கு முடியும் என்று முதலிலேயே பேசினேன். கழற்றுகிறதை எல்லாம் ஒரு கோணிமேல் வரிசையாக வைக்கச் சொன்னேன். இல்லாத பாகத்துக்குப் பழைய ராணுவ லாரி ஒன்றிலிருந்து அதே அளவில் தேடி எடுத்து, கடைசல் பிடித்துப் பொருத்தினார். பொருத்தும்போது நான் கூடவே நின்றேன். அவர் ஏரோப்ளேன் கதை சொன்னார், நான் இரட்டைப் பிரசவக் கதை சொன்னேன்.

அது முடிந்த நாளன்று நானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி முற்றத்தில் நுழைந்தேன். மணியை அடித்துக்கொண்டேதான் நுழைந்தேன். நர்ஸுகள் மாடி வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். மாசேர் படியிறங்கி வந்து, வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்கள். பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஓட்டு.”

“எங்க மாசேர்?”

“எங்கயாவது. இது ஓடுதுன்னு ஊருக்குத் தெரியட்டும்.”

பின்னால் நர்ஸுகள் முட்டிமோதி ஏறினார்கள். ஆற்றங்கரை, சந்தை, தூ டுக் சாலை என்று போனோம். சாலை காலியான இடத்தில் மாசேர் என் பக்கம் குனிந்து, யார் காதிலும் விழாமல், “இன்னும் கொஞ்சம் வேகமா” என்றார்கள். மிதித்தேன். அவர்கள் முக்காடு காற்றில் படபடவென்று அடித்தது. கோபத்தில் குரல் தணியும் அந்த மனுஷி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் பல கராஜ்களோடு மல்லுக்கட்டினேன். நல்லவர், ஏமாற்றுக்காரர், சோம்பேறி, மேதை எல்லாரையும் பார்த்தாயிற்று. காலையில் எண்ணெயும் தண்ணீரும் பார்ப்பது, பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது, கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குவது, இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்துவிடலாம். நான் கற்றதில் பெரியது ஒன்றுதான். கராஜில் போய் “வண்டி சரியில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, என்ன செய்யும்போது சரியில்லை என்று சொல்லுங்கள். அவர் நம்பாவிட்டால் சண்டை போடாதீர்கள். கோளாறு வருகிற நேரத்தில் வண்டியை அவர் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துங்கள். அதற்கு மேல் யாரும் உங்கள் கையைக் குறை சொல்ல முடியாது.